முதுகுவலியும் வெப்பப் படமும்

வண்டி நிலையத்தில் வந்து நின்றதும், பெட்டிகளின் ஓரமாகக் குனிந்து குனிந்து நடந்து செல்லும் ஊழியரை நேயர்கள் பார்த்திருப்பார்கள். சக்கர அச்சின் முனையிலுள்ள ‘ஆக்ஸில் பாக்ஸ்’ சூடேறியிருக்கிறதா என்று அவர் சோதிக்கிறார். முன்னாளில் கையால் தொட்டுப் பார்த்தார்கள். இப்போது தொடாமலேயே உஷ்ணம் காட்டும் கருவியை நீட்டுகிறார்கள். சூடு மிகுந்திருந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று தெரியும். கோளாறு இன்னதென்பது திறந்து பார்த்த பிறகே தெரியும். மனித முதுகுக்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பதை நாம் பணம் கொடுத்துக் கற்றோம்.

நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் நமக்கு, தை மாதத்தில் தோன்றிய இடுப்புவலி வைகாசி வரை நீங்கவில்லை. ரயில்வே மருத்துவமனை இருக்கிறதே என்பீர்கள். வரிசையில் நிற்கச் சோம்பினோம். ‘கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வலியின் வேரையே படம் பிடித்துக் காட்டுவோம்’ என்ற விளம்பரத்தை நம்பி, இந்நாக்பூரில் ஓரிடத்திற்குச் சென்றோம். தங்கை மகளின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீரென ஒதுக்கிய தொகையிலிருந்து ஒரு பகுதி அங்கே செலவாயிற்று. படத்தில் நம் முதுகின் வலப்புறம் செக்கச் செவேலென்றிருந்தது. நரம்பு நசுங்கியிருப்பதாகவும், பன்னிரண்டு முறை வந்து சிகிச்சை பெற வேண்டுமென்றும் கூறினர். சீர்ப்பணம் முழுவதும் அதற்கே போய்விடும். நம் இல்லாள் அன்றிரவு உறங்கவில்லை.

இப்படம் எப்படி உண்டாகிறது? 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் அறிஞர், சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அங்கே விழுந்தவையே அகச்சிவப்புக் கதிர்கள். நம் தோலும் இரவு பகலாக அவற்றை வெளியிடுகிறது. படக் கருவி உடலுக்குள் எதையும் செலுத்துவதில்லை. வருவதை வாங்கி, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வேற்றுமையையும் நிறமாக்கிக் காட்டுகிறது. ஆகவே தீங்கற்றது என்பது மெய்யே. ஆனால் அது காண்பது தோலின் சூட்டை மட்டும்; எலும்பையோ நரம்பையோ அன்று.

தோலின் சூடு பெரும்பாலும் அங்கே ஓடும் ரத்தத்தைப் பொறுத்தது. ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிப்பவை நரம்புகள். நலமுள்ளவருக்கு உடலின் இடப்புறமும் வலப்புறமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும். வேற்றுமை பொதுவாக அரை டிகிரிக்கும் குறைவு. நரம்பு பாதிக்கப்பட்டால் ஒரு கால் குளிரலாம். அழற்சி இருந்தால் ஓரிடம் சூடேறலாம். இதைக் கொண்டு முதுகுவலியின் காரணத்தைக் கண்டுவிடலாம் என்று மருத்துவர் பலர் நம்பினர். ஆனால் 1991இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, இடுப்பு நரம்பு நோயைக் கண்டறிய இதை வழக்கமாகப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு கூறினர். அந்நாட்டு முதியோர்க்கான அரசாங்கக் காப்பீடும் 1992இல் இதற்குப் பணம் தருவதற்கில்லை என்று அறிவித்தது.

உள்ளே ஊடுருவிக் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்வதற்கில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் அவ்வாறு படமெடுத்தபோது, 52 சதவீதத்தினருக்கு முள்ளெலும்புகளிடையே உள்ள வட்டு ஓரிடத்திலாவது புடைத்திருந்தது. இது 1994இல் வெளியான ஆய்வு.

கடைசியில் சோம்பலை உதறி மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, “எடுத்த அன்று முதுகில் ஏதேனும் தடவினீர்களா?” என்று கேட்டார். அன்று காலை இல்லாள் வலப்புறம் தைலம் தேய்த்து வெந்நீர்ப் பை வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது! தைலம், ஒத்தடம், காபி, புகை யாவும் தவிர்த்து, சீரான குளிர்ச்சியுள்ள அறையில் கால் மணி நேரமாவது முதுகைத் திறந்து வைத்திருந்த பிறகே எடுக்க வேண்டிய படமாம் அது. நாமோ நாக்பூர் வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஐந்தாம் நிமிடமே படமெடுத்துக்கொண்டோம்.

அவர் நம்மைப் படுக்க வைத்துக் காலை நீட்டித் தூக்கினார், முழங்காலில் தட்டினார், பாதத்தின் உணர்ச்சியையும் விரல்களின் வலுவையும் சோதித்தார். நரம்பு நசுங்கிய அடையாளம் ஒன்றும் இல்லை. தினமும் நடக்கவும், மணிக்கொருமுறை நாற்காலியை விட்டு எழவும், சில பயிற்சிகள் செய்யவும் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நெறிமுறையும், மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கும் இடுப்புவலிக்கு உடற்பயிற்சியை ஒரு முக்கிய வழியாகக் கூறுகிறது. நமக்கு வலி முற்றும் நீங்கவில்லை. பாதிக்கு மேல் குறைந்தது. எஞ்சிய பணத்தோடு ஊருக்குச் சென்று, சற்றே சுருக்கமாகச் சீர் செய்து வந்தோம்.

ஒன்று மட்டும் நினைவிலிருக்கட்டும். வலியோடு சிறுநீர் கட்டுப்படாமற் போனாலும், தொடையிடுக்கு மரத்தாலும், கால் வலுவிழந்தாலும், காய்ச்சல் கண்டாலும், கீழே விழுந்தபின் வலி தோன்றினாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மற்றபடி, வெப்பப் படம் எடுத்து வைத்திருப்போர் நம் சங்கத்தில் எவரேனும் இருந்தால், அதை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். படத்தோடு முதுகையும் காட்டுங்கள்.