அறங்காவலர் குழுவில் அம்மாவின் பெயர்

மாமனார் பெயரில் ஒரு கல்வி அறக்கட்டளை. கணவர் நிர்வாக அறங்காவலர், மைத்துனர் பொருளாளர். "இன்னொரு டிரஸ்டி வேணும் அண்ணி, உங்க பேரைப் போட்டிருக்கோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் இப்படி அறங்காவலர் ஆன பெண்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டதும் திரும்பிப் போய்விடும். நன்கொடை எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று கேட்டால், "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்ற பதில்தான் கிடைக்கும்.

இந்த ஊரில் இப்படி நடப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. சென்னையின் பெரிய தர்ம ஸ்தாபனங்கள் பலவற்றைக் கட்டியதே பெண்கள். இந்திய மாதர் சங்கம் 1917-இல் அடையாறில் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தச் சங்கத்தின் வழியாகவே நிதி திரட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1930-இல், அவ்வை இல்லத்தைத் தொடங்கியவரும் அவர்தான். மருத்துவமனையின் தொடக்க காலத்திலேயே வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அதைவிட்டு விலகவில்லை. துர்காபாய் தேஷ்முக்கின் ஆந்திர மகிளா சபாவும், இளம் விதவைகளைப் படிக்க வைப்பதற்காகச் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இல்லமும் இதே வரிசையில் வருபவை. இவர்கள் யாரும் பெயருக்குக் குழுவில் இருக்கவில்லை. பணத்தைத் திரட்டினார்கள், செலவைத் தீர்மானித்தார்கள், அரசிடம் வாதாடினார்கள்.

இன்று சட்டம் சில இடங்களில் பெண்களுக்கு நாற்காலி போட்டே ஆக வேண்டும் என்கிறது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது 2013 கம்பெனிகள் சட்டம். பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில்களுக்கு அறநிலையத் துறை அமைக்கும் அறங்காவலர் குழுவில் ஒரு பெண் கட்டாயம். வக்ஃபு வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் என 2013 திருத்தம் சொன்னது. சென்னை மாநகராட்சி வார்டுகளில் பாதி பெண்களுக்கு. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும் சாதாரண அறக்கட்டளைக்கு இப்படி எந்த நிபந்தனையும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகள் எல்லாவற்றையும் கண்காணிக்கும் அறக்கொடை ஆணையர் தமிழ்நாட்டில் கிடையாது. ஆகவே ஒரு குழுவில் ஐந்து ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்தாலும் எந்த அதிகாரியும் வந்து கேள்வி கேட்கப் போவதில்லை. அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் அங்கே சட்டம்.

குழுவில் இடமே இல்லாதது ஒரு குறை. பெயர் மட்டும் இருப்பதோ ஆபத்து. அறங்காவலர்கள் எல்லோரும் சேர்ந்தே பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் பொதுவான நெறி. பத்திரம் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய, முடிவுகளை எல்லோரும் கூடித்தான் எடுக்க வேண்டும். உடன் இருப்பவர் பணத்தை முறைகேடாக எடுப்பது தெரிந்தும் சும்மா இருந்தவரும் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். "வீட்டில் சொன்னார்கள், போட்டேன்" என்பது நல்ல பதில் ஆகாது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு என்றால் 2020 திருத்தத்துக்குப் பிறகு பொறுப்பாளர்களின் ஆதார் விவரமும் உள்துறை அமைச்சகத்திடம் போகிறது. குடும்பத்தாருக்கே சலுகை போய்ச் சேர்ந்தால் வருமான வரி விலக்கும் பறிபோகலாம்.

நீங்கள் அப்படி ஓர் அறங்காவலர் என்றால் முதல் வேலை, பத்திரத்தின் நகலைக் கையில் வாங்குவது. வீட்டில் தர மறுத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நிலம், கட்டடம் சம்பந்தப்பட்ட பத்திரம் என்றால் யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். மற்ற பத்திரங்களுக்கு, எழுதிக்கொடுத்தவர்களும் அதன்கீழ் உரிமை உள்ளவர்களும் மட்டுமே கேட்க முடியும். அதனால் வெளியாரால் பெற முடியாத நகலையும் அறங்காவலரான நீங்கள் கேட்கலாம். அடுத்து, தணிக்கை அறிக்கையும் வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு நாளைக்குச் சாட்சி கிடையாது. ஒரு தீர்மானத்தில் உடன்பாடு இல்லை என்றால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கையாலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். விலகுவதானால் கடிதம் கொடுத்ததோடு நிற்காமல், வங்கியிலும் வருமான வரிப் பதிவிலும் பெயர் நீங்கியதா என்று பார்த்துவிடுங்கள்.

சங்கமாகப் பதிவான அமைப்பில் வழி கொஞ்சம் சுலபம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக் குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தேர்தல் நடத்தாமல் இழுத்தடித்தாலோ கணக்குக் காட்டாவிட்டாலோ மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து பதிவாளரிடம் விசாரணை கோரலாம். உறுப்பினர் பட்டியலில் பெண்கள் பாதிப்பேர் இருந்தும் குழுவில் ஒருவர்கூட இல்லாத சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறக்கட்டளையில் பேச்சு எடுபடாத நிலை வந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இருக்கிறது. அந்தத் தர்மத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் போதும். நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். அறங்காவலரை நீக்கவும், கணக்குக் கேட்கவும், நிர்வாகத் திட்டத்தையே புதிதாக வகுக்கவும் கோரலாம். செலவும் காலமும் பிடிக்கும் வழிதான், ஆனால் திறந்திருக்கும் வழி.

'மூத்த ஆண் வாரிசே அடுத்த தர்மகர்த்தா' என்று எழுதிய பழைய பத்திரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்திரத்தில் அப்படி எழுதாத இடத்திலும் பல குடும்பங்கள் அதையே வழக்கமாக வைத்திருக்கின்றன. அங்கூர்பாலா மல்லிக் வழக்கில் 1951-லேயே உச்ச நீதிமன்றம், தெய்வச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை கணவருக்குப் பின் மனைவிக்கும் வரும் என்று தீர்ப்பளித்துவிட்டது. பத்திரம் வேறு விதமாகச் சொல்லாத இடத்தில், பெண் என்பதற்காக மட்டும் அந்தப் பொறுப்பு ஒருவரைத் தாண்டிப் போகாது.

புதிதாக அறக்கட்டளை தொடங்குபவர்கள், குழுவில் பாதிப்பேர் பெண்கள் என்று முதல் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். வழக்கறிஞருக்கு அது ஒரு வரி வேலை. நன்கொடை கொடுப்பவர்கள், ரசீதோடு அறங்காவலர் பட்டியலையும் கேளுங்கள். ஏற்கெனவே அறங்காவலராக இருக்கும் அம்மாக்கள், அடுத்த முறை தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் கூட்டத்துக்கு நேரில் போங்கள்.