கடனா, காணியா?

"கொடுத்தவர் கேட்கிறார், வாங்கியவன் கட்ட வேண்டியதுதானே!" என்று பட்டணத்து நாற்காலிகளில் சாய்ந்தபடி பேசுகிறார்கள் சிலர். அவர்களைக் கோவில்பட்டிக்கு அழைக்கிறோம். ஐப்பசி மழையை நம்பி வாய் பிளந்து கிடக்கும் கரிசலைக் காணட்டும்! பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து. பொய்த்தால் வெடிப்பு விழுந்த வெறும் மண்! அந்த மண்ணுக்கும் ஒரு பத்திரம் உண்டு. அந்தப் பத்திரம் பல வீடுகளில் உழவனின் பெட்டியில் இல்லை, கடன் கொடுத்தவரின் பெட்டியில் இருக்கிறது.

மழை தவறுகிறது, தவணை தவறுகிறது. பணத்தைக் கேட்டு வழக்கிடுவதா, காணியின்மீது கை வைப்பதா? முடிவு செய்பவர் கடன் கொடுத்தவர், உழவனல்ல.

பணம் கொடுத்தவர் பணத்தைத்தானே கேட்பார் என்போம். கேட்டுத் தீர்ப்பும் வாங்குகிறார் என்றே கொள்வோம். எதை ஜப்தி செய்வார்? கலப்பையையும், உழவுக்குத் தேவையான மாட்டையும், விதையையும், உழவன் குடியிருக்கும் வீட்டையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கிறது. அந்தப் பணத் தீர்ப்பைக் காட்டி ஈட்டு நிலத்தை ஏலத்துக்கு இழுக்கவும் இயலாது; அதற்கென விற்பனை வழக்குப் போட்டாக வேண்டும். ஆகவே பார்வை காணியின் பக்கமே திரும்புகிறது.

அங்கும் அவர் நினைத்தபடி நடப்பதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, சாதாரண ஈட்டுக்காரர் நிலத்தை அப்படியே விழுங்க முடியாது. நீதிமன்ற ஏலம் ஒன்றே வழி. ஏலத்தில் அவரே கேட்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆனால் வறட்சி ஆண்டில் புஞ்சையை ஏலம் கேட்க வருபவர் யார்? விலை சரியும். தொகை போதாவிட்டால், காலவரம்பு கடவாதிருந்தால், மிச்சத்துக்கும் உழவனைத் துரத்தலாம். மண்ணும் போயிற்று, கடனும் நின்றது!

ஏலம் விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று தலையில் கை வைப்போர் அநேகர். முடியவில்லை! விற்பனையை நீதிமன்றம் உறுதி செய்யும்வரை, கடனோடு ஏலத் தொகையில் 5 விழுக்காடும் சேர்த்துக் கட்டினால் காணி மீளும்.

வழக்குக்குப் போகாமலே வளர்க்கும் வித்தையும் உண்டு: பழைய பத்திரத்தைக் கிழித்துப் புதியது எழுதி, வட்டியை முதலாக்குவது. 1938-இல் சென்னை மாகாணத்தில் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இந்த வித்தையை உடைத்தது. எத்தனை முறை புதுப்பித்தாலும் ஆதி முதலையே பார். 1932 அக்டோபருக்கு முந்திய கடனில் முதலைப்போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடன் தீர்ந்தது என்றது. ஆச்சாரியார் ஆட்சியில் வந்தது என்பதற்காக நாம் அதை மறைக்கப் போவதில்லை, நல்லது நல்லதே!

வங்கிகளுக்கோ, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை 2002-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. ஆனால் வேளாண் நிலத்தை அதன் 31-ஆம் பிரிவு விலக்கி வைத்தது.

இத்தனை வேலிகளையும் ஒரே தாவில் தாண்டும் தந்திரம் ஒன்று இருக்கிறது. "ஈடு வேண்டாம், கிரயமாகவே எழுதிக் கொடு, பணம் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்கிறார் கொடுப்பவர். மகள் திருமணம், மருத்துவச் செலவு; கையெழுத்து விழுகிறது! திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால் அது அடமானமே ஆகாது என்று 1929-இல் சட்டம் திருத்தப்பட்டது. தனித்தாளில் எழுதினால் அது மறுகிரய ஒப்பந்தம் மட்டுமே. கெடு தவறினால் காணி தவறும். வாய்ச்சொல்லாக நின்றாலோ, மெய்ப்பிப்பது உழவனின் பாடு. ஈடு எழுதியவனுக்கு மீட்க 30 ஆண்டு காலம் தருகிறது சட்டம். கிரயம் எழுதியவனுக்கு அது இல்லை. அங்கே வழக்கு இல்லை, அமீனா இல்லை, ஏலமும் இல்லை. அடுத்த புரட்டாசியில் அந்தக் கரிசலை உழுவது வேறொருவரின் ஏர்.