நிர்ப்பீடனப் பரம்பரையலகுகளும் அவற்றின் பெயரீடும்

தமிழிலக்கண நூலார் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகைப்படுத்துவர். விஞ்ஞானத்தில் ஒரு பொருளுக்குப் பெயரிடுவோர் இவ்விரண்டில் எதனைக் கொள்ளல் வேண்டும்? காரணப் பெயரே எனின், எக்காரணம் பற்றியது? நிர்ப்பீடனத்தை ஆளும் பரம்பரையலகுகளின் பெயர் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகின்றது. பிறரொருவரின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர்வாழக் காத்திருக்கும் நோயாளியின் நலமும் இதனோடு தொடர்புடையது.

உடற்கலங்களின் மேற்பரப்பிலே சில புரதங்கள் உள. கலத்தினுள்ளே சிதைந்த புரதங்களின் துண்டுகளை அவை ஏந்திக் காட்டுகின்றன. அத்துண்டு வைரசுக்குரியதாயின், காவற்கலங்கள் அதனை உணர்ந்து நோயுற்ற கலத்தை அழிக்கின்றன. இப்புரதங்கள் ஆளுக்காள் வேறுபடுவன. பிறரிடமிருந்து பெற்று ஒட்டிய இழையத்தை உடல் தள்ளிவிடுவதற்கு இவ்வேறுபாடே தலையாய காரணம். இவற்றை ஆக்கும் பரம்பரையலகுகளின் கூட்டம் முதன்மை இழையப் பொருத்தத் தொகுதி எனப்படும்.

1930களில் இலண்டனிலே பீற்றர் கோரர் இத்தொகுதியைச் சுண்டெலிகளிற் கண்டார். பின்னர் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் சினெல் அவ்வாய்வை விரித்தார். அதற்கு எச்-2 என்னும் பெயர் நிலைத்தது. மனிதரில் இவ்வகைப் பொருளை 1958இல் பிரான்சிய அறிஞர் சான் டோசே கண்டு, ஆய்வுக்கு உதவிய மூவரின் முதலெழுத்துக்களைக் கூட்டி ‘மக்’ என்றார். இஃது இடுகுறியே. ஒல்லாந்தின் லெய்டன் நகரிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தோர் தத்தமக்கியைந்த வேறு பெயர்களை இட்டனர். ஓர் ஆய்வுகூடத்தின் முடிவை மற்றோர் ஆய்வுகூடத்தார் தம் முடிவோடு ஒப்பிடல் அரிதாயிற்று.

1967இல் நாடுகளிடையே உறுப்புகளைப் பகிர்தற்கு யூரோதிரான்சுபிளான்ற் என்னும் நிறுவனம் லெய்டனிலே தோன்றியது. ஒரு நகரிற் பெற்ற சிறுநீரகத்துக்கு ஏற்ற நோயாளியை மற்றொரு நகரிலே தேட வேண்டுமாயின், இரு நகராரும் ஒரே பெயரை வழங்குதல் இன்றியமையாதது. 1968இல் உலக சுகாதார தாபனத்தின் பெயரீட்டுக் குழு எச்.எல்.ஏ. என்னும் பொதுப் பெயரை ஏற்றது. ‘மக்’ என்பது எச்.எல்.ஏ.-ஏ2 ஆயிற்று.

விலங்குகளில் இச்சிக்கல் மேலும் பெரிது. நாய்க்கு டி.எல்.ஏ., பன்றிக்கு எசு.எல்.ஏ., எலிக்கு ஆர்.ரி.1, கோழிக்கு பி எனப் பெயர்கள் ஒழுங்கின்றி வளர்ந்தன. 1990இல் யான் கிளைன் முதலிய அறிஞர் ஒரு விதியை முன்வைத்தனர். விலங்கின் இலத்தீன் பெயரிலே சாதிப் பெயரின் முதலிரண்டு எழுத்துக்களையும் இனப் பெயரின் முதலிரண்டு எழுத்துக்களையும் சேர்த்தல் வேண்டும் என்பது அவ்விதி. மக்காக்கா முலாற்றா என்னும் ரீசசுக் குரங்கின் தொகுதி ‘மமு’ ஆகும். பான் துறொக்குலோடைற்றிசு என்னும் சிம்பன்சியினது ‘பத்ர்’ ஆகும். நன்கு வேரூன்றிய பழைய பெயர்கள் சில விலக்காக நின்றன.

விலங்கினத்தைக் குறித்தல் எளிது. அதனையடுத்து வரும் எழுத்தே அரிய வினாவை எழுப்புவது. மனிதனின் ஏ என்னும் பரம்பரையலகும் சிம்பன்சியின் ஏ என்னும் பரம்பரையலகும் பொதுமூதாதையின் ஒரே அலகிலிருந்து வந்தவை. ஆதலின் ஒரே எழுத்து பொருந்தும். ரீசசுக் குரங்கிலோ ஏ, பி என்பன பல படிகளாகப் பெருகியுள்ளன. சி என்பது இல்லை. சுண்டெலியின் கே, டி என்பவற்றை மனிதனின் ஏ, பி, சி என்பவற்றோடு ஒன்றுக்கொன்றாக இணைத்தல் இயலாது. கூர்ப்பின் போக்கிலே இவ்வலகுகள் இரட்டித்தும் அழிந்தும் மாறியமையே காரணம். மேலும், சுண்டெலியின் எச்-2ஏ, மனிதனின் டி.கியூ. என்பதற்கு இணையானது, எழுத்தொற்றுமை கண்டு அதனை மனிதனின் ஏ எனக் கொள்வோர் பெரிதும் வழுவுவர்.

தொழில் ஒத்திருப்பின் பெயரும் ஒத்திருக்கலாகாதோ எனின், ஆகாது. மனிதனின் பி*27 எய்ட்சு வைரசை அடக்குதலோடு தொடர்புடையது; ரீசசுக் குரங்கின் மமு-பி*08 குரங்கினத்துக்குரிய ஒத்த வைரசை அடக்குதலோடு தொடர்புடையது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வகைப் புரதத் துண்டுகளை ஏந்துகின்றன. ஆயினும் அவை ஒரே எதிருருவின் வழிவந்தவையல்ல. பறவைக்கும் வெளவாலுக்கும் சிறகு உண்மையால் இரண்டையும் ஓரினமாக்குதல் தகுமோ? குரங்கிற் செய்த தடுப்பு மருந்துப் பரிசோதனையின் முடிவை மனிதனுக்கு ஏற்றிக் கூறுவோர் இவ்வேறுபாட்டை மறப்பின், பெயரே அவரை மயக்கிவிடும்.

இன்று மனிதரில் அறியப்பட்ட எதிருருக்கள் மட்டும் முப்பதினாயிரத்தை மிஞ்சிவிட்டன. ஒதுக்கிய இலக்கங்கள் போதாமையால், 2010இல் இலக்கங்களிடையே முக்காற்புள்ளியிட்டு ஏ*02:01 என எழுதும் முறை வந்தது. விலங்குகளின் எதிருருக்களைத் தொகுக்கும் பொதுப் பதிவேடு 2003இல் தொடங்கிற்று.

இவற்றால் பெறப்படுவது யாதெனின், பல இனங்களுக்கும் பொதுவான பெயர் வழிமுறையைக் காரணமாகக் கொண்டதாதல் வேண்டும் என்பதே. கண்டுபிடித்த வரிசையும் தொழிலொற்றுமையும் அதற்குப் போதா. உறவு தெளிவுறாதவிடத்து வேறு பெயரிட்டு நிறுத்தலே அறிவுடைமை. தெளிந்தபின் திருத்துதல் எளிது, தவறான உறவைக் கூறிப் பரவிய பெயரை மீட்டல் அரிது.