நீளும் துணிக்கு நீளும் தையல்

திருப்பூரில் பனியன் துணி வாங்கப் போய் “ரெண்டு மீட்டர் குடுங்க” என்று கேட்டால், “எத்தனை கிலோங்க வேணும்?” என்று எதிர்க்கேள்வி வரும். இந்த ஊரில் பனியன் துணிக்குத் தராசுதான் அளவுகோல். ஆர்டர் முடிந்து மிஞ்சிய துணி, சாயத்தில் ஒரு சாயல் மாறியதால் ஒதுக்கிய துணி, ரோலின் கடைசியில் நின்றுபோன பிட் எல்லாமே நிறுவைக்கு வரும். அப்படி வாங்கி வந்த அரைக் கிலோ பச்சைத் துணியில்தான் என் முதல் ஸ்கர்ட்டைத் தைத்தேன்.

தைத்தது அம்மாவின் கறுப்பு மிதி மெஷினில். எத்தனையோ ஜாக்கெட், உள்பாவாடை, தலையணை உறை கண்ட மெஷின் அது. தையல் நூல் பிடித்தாற்போல நேராக விழுந்தது. போட்டுக்கொண்டு கிளம்பி, பஸ் படியில் காலைத் தூக்கி வைத்தேன். இடுப்பில் ‘டப்’ என்று ஒரு சத்தம். துணியில் ஒரு கீறல்கூட இல்லை, தையல் நூல் மட்டும் அறுந்திருந்தது. வீட்டுக்கு வந்து அதே இடத்தில் இரட்டைத் தையல் போட்டேன். மறுநாள் இரண்டும் அறுந்தன.

பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். ஸ்கர்ட்டை வாங்கி இடுப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். “துணி நீளுது கண்ணு. நூலு நீளுமா?” என்றார். பனியன் துணியில் தைப்பவர்கள் அறிய வேண்டிய பாடம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து பல்லடம், சோமனூர்ப் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் காதில் விழும். அங்கே உருவாவது நெய்த துணி. பாவு நூல் நெடுக்கே, ஊடை நூல் குறுக்கே. நாடாக் கட்டில் பின்னுவது போல ஒன்றின் மேலும் கீழுமாக மற்றொன்று ஓடும். நூல் ஏற்கெனவே நேராகக் கிடப்பதால், இழுத்தாலும் அதற்குமேல் நீள வழியில்லை. திருப்பூர் நிட்டிங் மெஷினில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. நூல் வளையம் வளையமாக வளைந்து, ஒவ்வொரு வளையமும் முந்தைய வரிசை வளையத்துக்குள் நுழைந்து வெளிவருகிறது. கையால் பின்னிக்கொண்டிருந்த இந்த வேலையை 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறைக்காக இயந்திரத்துக்கு மாற்றினார். இன்று வட்ட மெஷினில் துணி குழாய்போலச் சுற்றி இறங்குகிறது. அந்தக் குழாயைத் தட்டையாக விரித்தால் வரும் அகலத்தைத்தான் இங்கே ‘டயா’ என்கிறோம்.

பனியன் துணியை இழுக்கும்போது நூல் நீளுவதில்லை. வளையம்தான் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. உருண்டையாக இருந்தது ஒடுங்கி நீள்கிறது, விட்டால் திரும்புகிறது. டீ-சர்ட்டுக்கு ஓட்டும் சிங்கிள் ஜெர்சி, நெடுக்கைவிடக் குறுக்கே கூடுதலாக நீளும். அதனால்தான் ஆடை வெட்டும்போது துணியின் குறுக்கு உடம்பைச் சுற்றி வரும்படி வைக்க வேண்டும். வெட்டியவுடன் சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருண்டுகொள்வதும் இந்த வளையங்களால்தான். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வளையத்தின் இழுப்பு சமமாக இல்லை. ரிப், இன்டர்லாக் துணிகளில் இருபக்கமும் ஒரே மாதிரி அமைவதால் ஓரம் சுருளாது. முதன்முதலில் தைப்பவர்கள் இன்டர்லாக்கில் தொடங்கினால் பாதித் தொல்லை இல்லை.

இனி நூலுக்கு வருவோம். வீட்டு மெஷினில் மேல்நூல் ஒன்று, பாபின் நூல் ஒன்று. இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பூட்டிக்கொள்கின்றன. எலியாஸ் ஹோவ் 1846-இல் இந்தத் தையலுக்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் தன் மெஷினைக் கொண்டுவந்தார். சிங்கரின் பெயர் திருப்பூரில் ஒரு வேலையின் பெயராகவே ஆகிவிட்டது. கம்பெனி வாசல் பலகைகளில் ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர் தேவை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பூட்டுத் தையல் போடும் மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இங்கே அது ‘சிங்கர்’தான்.

ஒரு மீட்டர் தையலுக்கு இந்தப் பூட்டுத் தையல் எடுப்பது சுமார் 2.5 மீட்டர் நூல். மூன்று நூல் ஓவர்லாக் சுமார் 14 மீட்டர் எடுக்கும். கழுத்தையும் கீழ்மடிப்பையும் தைக்கும் இரட்டை ஊசி பேட்லாக் சுமார் 18 மீட்டர். அவ்வளவு நூலும் எங்கே போகிறது? ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, வளைந்து வளைந்து, தையலுக்குள்ளேயே கையிருப்பாகக் கிடக்கிறது. துணி நீளும்போது அந்தக் கையிருப்பிலிருந்து நூல் நெகிழ்ந்து கொடுக்கிறது. பூட்டுத் தையலில் அந்தக் கையிருப்பு கிடையாது. என் இடுப்புத் தையல் அறுந்தது இதனால்தான். இரட்டையாகப் போட்டாலும் கையிருப்பில்லாத தையல் இரண்டு ஆனது, அவ்வளவுதான்.

அப்படியானால் வீட்டில் ஓவர்லாக் மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா? வேண்டாம். சிக்சாக் வசதியுள்ள மெஷின் என்றால் அகலம் குறைவான சிக்சாக் போடுங்கள். நூல் கோணலாக நடப்பதால் நீளக் கொஞ்சம் இடம் கிடைக்கும். இரட்டை ஊசி போட்டால் மேலே இரண்டு கோடும் அடியில் பாபின் நூல் கோணலாகவும் வரும், கீழ்மடிப்புக்குப் பேட்லாக் மாதிரியே இருக்கும். அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் போன்றவற்றால் நம் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் மெஷின். அதிலும் வழியுண்டு. டென்ஷனைத் தளர்த்தி, தையலைப் பொடியாக்கி, துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி ஓட்ட வேண்டும். பொடித் தையலில் நூல் அதிகமுறை துணிக்குள் இறங்கி ஏறுவதால் அங்கே கொஞ்சம் நூல் சேர்கிறது. இழுத்துப் பிடிப்பது அளவோடு இருக்கட்டும், அதிகமானால் ஓரம் அலை அலையாக நின்றுவிடும்.

அடுத்த சங்கடம், தையல் விட்டுவிட்டு விழுவது. மெஷின் பழுது என்று பலரும் மெக்கானிக்கைத் தேடுவார்கள். ஊசி கீழே இறங்கி, இம்மியளவு மேலே ஏறும் நொடியில் அதன் பின்பக்கத்தில் மேல்நூல் ஒரு சிறு வளையமாக உப்பும். ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல். பனியன் துணி இளகியது, ஊசியைப் பற்றிக்கொண்டு அதுவும் கூடவே மேலே எழும்பிவிடுகிறது. நூல் உப்ப இடமில்லை, கொக்கி வெறுமனே சுற்றிப் போகிறது. இதற்குத் தீர்வு ஊசியில் இருக்கிறது. பனியன் துணிக்கான ஊசியின் முனை கூராக இல்லாமல் நுண்ணிய உருண்டையாக இருக்கும். அது நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இரண்டு வளையங்களுக்கு நடுவே இறங்கும். கூர்முனை ஊசி வளையத்தின் நூலையே அறுத்துவிடும். அன்று கண்ணில் படாத ஓட்டை, இரண்டு மூன்று துவைப்பில் அவிழ்ந்து பெரிதாகும். ‘ஸ்ட்ரெட்ச்’ என்று தனியாக விற்கும் ஊசியில் முனை உருண்டையாக இருப்பதோடு, பின்பக்கக் குழிவும் கொக்கி நெருங்கி வர வசதியாகச் செதுக்கப்பட்டிருக்கும். 75/11 என்று கேட்டு வாங்குங்கள். 75 என்றால் ஊசியின் தடிமன் 0.75 மில்லிமீட்டர், 11 என்பது அதற்கே பழைய எண்.

இப்போது அந்த ஸ்கர்ட். வட்ட ஸ்கர்ட்டுக்குப் பள்ளிக் கணக்கு போதும். இடுப்பு 28 அங்குலம் என்றால் அதை 6.28-ஆல் வகுக்க, ஏறக்குறைய 4.5 வரும். அதுதான் நடுவட்டத்தின் ஆரம். தையலுக்கு அரை அங்குலம் விட்டு 4 அங்குல ஆரத்தில் வெட்ட வேண்டும். நீளம் 24 அங்குலம், மடிப்புக்கு அரை அங்குலம். மொத்தம் வெளிவட்ட ஆரம் 29. 30 டயா துணியை ஒருபக்கம் வெட்டிப் பிரித்தால் 60 அங்குல அகலம், இந்த வட்டம் அதற்குள் அடங்கிவிடும். சதுர மீட்டருக்கு 180 கிராம் உள்ள துணி (இங்கே 180 ஜிஎஸ்எம் என்பார்கள்) என்றால் 60-க்கு 60 சதுரம் சுமார் 420 கிராம். அரைக் கிலோ வாங்கினால் போதும்.

ஜிப்பும் கொக்கியும் இல்லாமல் இதை மாட்டிக்கொள்ள முடியுமா? 36 அங்குலப் புட்டச் சுற்றளவைத் தாண்ட 28 அங்குலத் துளை ஏறக்குறைய 29 சதவீதம் விரிய வேண்டும். ஸ்கேலை வைத்துத் துணியின் குறுக்கே 10 சென்டிமீட்டரை இழுத்துப் பாருங்கள். நோகாமல் 13 வரை வந்தால் தாராளம். வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்து, தொங்கவிடாமல் விரித்துக் காயவையுங்கள். நிட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் இழுபட்ட வளையங்கள் தண்ணீர் பட்டதும் பழைய நிலைக்குச் சுருங்கும், பெரும்பாலும் நீளம்தான் குறையும். தைத்த பிறகு ஒருநாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, இறங்கிய இடத்தைச் சமன்செய்து வெட்டிவிட்டுக் கீழ்மடிப்பைத் தையுங்கள்.

திருப்பூர் ஏற்றுமதியின் தொடக்கத்தைப் பற்றி ஊரில் சொல்லும் கதை, 1978-இல் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற வியாபாரி ஒருவரைப் பற்றியது. உள்பனியன் தைத்த ஊர் பிறகு டீ-சர்ட், பெண்களுக்கான கவுன், ஸ்கர்ட் என்று தைத்து அனுப்பியது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கமும் வந்தது. ஆனால் கம்பெனியில் ஒரு டைலருக்கு ஒரு ஆபரேஷன்தான். ஒருவர் தோள், ஒருவர் கை, ஒருவர் கழுத்து. “இருபது வருசமா தோளு ஜாயின் பண்ணியிருக்கேன் கண்ணு, முழுசா ஒரு உடுப்பு தைச்சதில்ல” என்று அந்த அக்கா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் அளவெடுத்து, வெட்டி, தைத்து, மடித்து, தன் பேத்திக்கு ஒரு கவுன் முடித்தார். வீட்டுத் தையலைப் பொழுதுபோக்கு என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வரும்.

மெஷினைத் தொடும் முன் அவர் செய்த முதல் காரியம், ஊசியைக் கழற்றி முனையைத் தன் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தது. நகத்தில் கீறல் விழுந்தால் முனை மழுங்கி வளைந்திருக்கிறது, தூக்கி எறிந்துவிட வேண்டும். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். உருண்டைமுனைக்கும் கூர்முனைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள்.