உதைத்தால் ஸ்டார்ட் ஆகும் மனிதர்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "லாடம் அடிக்கக் காலைத் தூக்கினாலே ஒரு குதிரை உதறித் தள்ளியது. மேல் உதட்டில் கயிற்றைச் சுற்றி முறுக்கியதும் அடங்கிவிட்டது. அது என்ன வர்மமா?"

நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்கள். உதட்டை முறுக்கினால் ரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுகிறது, இது அக்குபங்சரில் ஒரு வகை என்று 1984-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 2017-இல் வந்த ஓர் ஆய்வு அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் குறைத்தது. முதல் 5 நிமிடம் இதயத் துடிப்பு இறங்குகிறது. அதற்குமேல் ஏறத் தொடங்குகிறது. காதை முறுக்கினாலோ எடுத்த எடுப்பிலேயே பதற்றம்தான். நாலு குளம்பையும் 5 நிமிடத்தில் வெட்டி அரம் போட்டு முடிக்கும் லாடக்காரர் எங்கே இருக்கிறார்?

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: 1858-இல் ஜான் ரேரி என்ற அமெரிக்கர் இங்கிலாந்துக்குப் போய், விக்டோரியா ராணி முன்னிலையில் குதிரைகளை வசப்படுத்திக் காட்டினார். மந்திரம் என்று ஊர் வாயைப் பிளந்தது. மந்திரத்தில் பெரும்பங்கு, முன்னங்காலை மடக்கிக் கட்டிய தோல்வார். அது போதும்.

உதடும் வாரும் குதிரையை நிறுத்தி வைக்கும், ஒன்றும் கற்றுத்தராது. அது கற்றுக்கொள்வது வேறொரு கணத்தில், நாம் கையை விடும் கணத்தில்.

பழைய ஸ்கூட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது உதையில்தான் உறுமியது. மறுநாள் ஆறு உதையோடு நிறுத்துவீர்களா? குதிரையின் கணக்கில் ஸ்கூட்டர் நாம்தான். அது உதறுகிறது, நாம் காலை விடுகிறோம், வண்டி ஸ்டார்ட். இன்று மூன்றாம் உதறலில், நாளை பத்தாம் உதறலில் என்று விட்டால் இன்னும் மோசம். எந்த உதையில் பற்றும் என்று தெரியாத வண்டியைத்தான் மனிதன் வேர்க்க விறுவிறுக்க உதைக்கிறான். சாய்த்துப் பார்க்கிறான், சோக்கை இழுக்கிறான், பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கிறான். (குதிரையிடம் உப்புத்தாள் கிடையாது, பல் உண்டு.) வண்டியைக் கைவிடும் முன் வெறியோடு ஓங்கி நாலு உதை விடுவோமே, அதுவும் குதிரையிடம் அப்படியே உண்டு. பிடித்தவர் விடாமலிருந்தால் உதறல் முதலில் கூடும், பிறகுதான் குறையும். பலரும் சரியாக அந்த ஓங்கிய உதையில்தான் கையை விடுகிறார்கள். 400 கிலோ உடம்பு. குறை சொல்ல முடியாது.

கெட்டிக்காரர் அந்த மல்யுத்தத்துக்கே போவதில்லை. கையைக் குதிரையின் தோளில் வைத்து மெல்லக் கீழே இறக்குகிறார். முழங்காலுக்கு வந்ததும் தசை விறைக்கிறது. கையை எடுப்பதும் இல்லை, அழுத்துவதும் இல்லை. இரண்டு மூச்சு. விறைப்பு தளர்ந்த அதே நொடியில் கை விலகுகிறது. தாமதித்தால், அதற்குள் குதிரை தலையை ஆட்டியிருந்தால், தலையாட்டலுக்குத்தான் விடுதலை கிடைத்தது என்று அது எடுத்துக்கொள்ளும். உதைக்கும் பின்னங்காலுக்கு நீளக் கம்பின் நுனியில் பஞ்சடைத்த கையுறை. அது எத்தனை உதை வேண்டுமானாலும் வாங்கும்.

மூட்டு வலியுள்ள கிழட்டுக் குதிரையிடம் இது எதுவும் பலிக்காது. பின்னங்காலை உயரத் தூக்கினால் அது இழுப்பது வலியால். தாழப் பிடிக்க வேண்டும், கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 'குதிரை மொழி' தெரிந்தவர் என்று வீடியோவில் வருபவரைக் கூப்பிட வேண்டாம்.

குளம்பு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 1 செ.மீ. வளர்கிறது, 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்டியாக வேண்டும். பாடத்தை அந்த நாளுக்கு வைத்துக்கொண்டால் லாடக்காரருக்குத்தான் அடி விழும். இடைப்பட்ட நாட்களில் குதிரைக்காரர் தினமும் காலைத் தூக்கி, குளம்பை விரல் கணுவால் நாலு தட்டுத் தட்டி, இறக்கி வைக்கலாம். நழுவ விடக் கூடாது, இறக்கி வைக்க வேண்டும்; குதிரை இழுத்துக்கொள்ள நினைப்பதற்கு ஒரு நொடி முன்னால்.