காற்றைக் குறைத்தால் கார் பாயும்!
அரை பவுண்டில் தீர்மானமாகும் அதிசயப் பந்தயம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் போமோனா என்று ஓர் ஊர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு அருகில் உள்ள ஊர். அங்கே பொருட்காட்சி மைதானத்தை ஒட்டி ஒரு பந்தயச் சாலை. 1961-ம் ஆண்டு அங்கே தொடங்கிய குளிர்காலப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது.

பந்தயம் என்றதும் கார்கள் வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வரும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பந்தயத்தில் வளைவே கிடையாது. நேர் சாலை. இரண்டே இரண்டு கார்கள். தூரம் கால் மைல். அதாவது 1,320 அடி. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் பாய வேண்டும். முதலில் போய்ச் சேருகிறவருக்கு வெற்றி. இதற்கு "டிராக் ரேஸ்" என்று பெயர்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையை யாரும் கவனிப்பதில்லை.

காரின் பின்சக்கரத்தருகே ஒருவர் குந்தி உட்காருகிறார். கையில் காற்று அளக்கும் சிறு கருவி. அதை டயரின் வால்வில் வைத்து அழுத்துகிறார். முள்ளைப் பார்க்கிறார். "புஸ்!" கொஞ்சம் காற்றைத் திறந்து விடுகிறார். மறுபடியும் அளக்கிறார். பிறகு எழுந்து, அடுத்த சக்கரத்துக்குப் போகிறார்.

அவர் குறைத்த காற்று அரை பவுண்டுதான். பந்தயத்தின் தலையெழுத்தே அதில் அடங்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மணலில் சிக்கிய லாரி

ஆற்று மணலில் லாரி சிக்கிக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் வேகத்தைக் கூட்டக் கூட்ட, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். லாரி நகராது. அனுபவசாலி டிரைவர் என்ன செய்கிறார்? இறங்கி வந்து டயரில் கொஞ்சம் காற்றை இறக்குகிறார். டயர் பரந்து தரையில் உட்காருகிறது. லாரி மெல்ல ஏறி வருகிறது.

பந்தயக் காருக்கும் ஏறக்குறைய அதே சங்கடம்தான். என்ஜினில் பலம் அபாரம். அந்தப் பலத்தைத் தரைக்குக் கொண்டு சேர்ப்பது இரண்டு பின் டயர்கள் மட்டுமே. டயர் தரையைக் கெட்டியாகப் பிடிக்காவிட்டால் சக்கரம் சுழலும், புகை வரும், கார் பாயாது. பக்கத்துக் கார் போயே போய்விடும்!

காற்றைப் "பவுண்டு" என்று சொல்கிறோமே, அதன் பொருள் என்ன? ஒவ்வொரு சதுர அங்குல இடத்திலும் காற்று எத்தனை பவுண்டு பலத்தோடு அழுத்துகிறது என்பதே அது. இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம்.

ஒரு பின்சக்கரத்தின் மேல் 960 பவுண்டு பாரம் என்று வைத்துக் கொள்வோம். டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க 32 சதுர அங்குல இடம் தரையில் படிய வேண்டும். காற்றை 12 பவுண்டாகக் குறைத்தால்? 80 சதுர அங்குலம் படிய வேண்டும்! டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கும். ஆகவே கணக்கு அப்படியே பலிக்காது. ஆனால் விஷயம் இதுதான். காற்றுக் குறைந்தால் தரையில் படியும் இடம் பெருகும். அகலத்தில் பெருகுவதைவிட நீளத்தில்தான் அதிகம் பெருகும்.

பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். "உராய்வுக்கும் தொடும் பரப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று வாத்தியார் சொன்னாரே?" வாத்தியார் சொன்னது மரத்துக்கும் இரும்புக்கும் பொருந்தும். ரப்பர் தனி ஜாதி. அது தரையின் மேடு பள்ளங்களுக்குள் புகுந்து ஒட்டிக் கொள்ளும். பரப்பு கூடினால் பிடியும் கூடும்.

சேலைக் கொசுவம் போல!

1950-களில் இந்தப் பந்தயக்காரர்களுக்கென்று தனி டயர் கிடையாது. பழைய டயரின் மேல் மெதுவான ரப்பரை ஒட்டி, கோடு எதுவும் இல்லாமல் வழவழப்பாக்கி ஓட்டினார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த "எம் அண்டு எச்" நிறுவனம் இதற்கென்றே டயர் செய்யத் தொடங்கியது. 1960-களின் நடுவில் பக்கச் சுவர் மெல்லியதாக உள்ள டயர்கள் வந்தன.

இந்த டயரைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. கார் பாயும் அந்தக் கணத்தில் இரும்புச் சக்கரம் திரும்பிவிடும். ரப்பர் தரையைப் பிடித்துக் கொண்டு அங்கேயே நிற்கும். நடுவில் அகப்பட்ட பக்கச் சுவர் என்ன செய்யும்? சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்! என்ஜின் கொடுக்கும் முரட்டு அடியை அந்த மடிப்புகள் தாங்கிக் கொள்கின்றன. அடி நேராகத் தரையில் விழுந்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

வேகம் கூடியதும் இன்னொரு மாயம். சக்கரம் சுழலும் வேகத்தில் டயர் வெளிப்பக்கமாக இழுபட்டு உயர்ந்து, ஒடுங்கி விடும். கிளம்பும்போது சிறிய சக்கரம். முடிக்கும்போது பெரிய சக்கரம். கியர் மாற்றாமலே கியர் மாற்றியது போல!

இவ்வளவும் நடக்க வேண்டுமானால் உள்ளே காற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

சரியான அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

"காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்றால், ஒரேயடியாகக் குறைத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குறைத்தால் டயரின் நடுப்பகுதி உள்ளே குழிந்து மேலே தூக்கிக் கொள்ளும். இரண்டு ஓரங்கள் மட்டுமே தரையில் படும். பிடி கூடுவதற்குப் பதில் குறைந்துவிடும்.

ஆகவே பந்தயக்காரர் முதலில் டயர் கம்பெனி சொல்லும் அளவில் ஆரம்பிக்கிறார். சாதாரணப் பந்தயக் காரின் வழவழப்பு டயருக்கு 10 முதல் 15 பவுண்டு வரை. கனமான காருக்குக் கூடுதல், லேசான காருக்குக் குறைவு. ரேடியல் டயரின் அமைப்பே வேறு. அதற்குப் பெரும்பாலும் சில பவுண்டுகள் கூடுதலாக வேண்டும்.

பிறகு சாலையில் தண்ணீர் தெளித்த இடத்தில் டயரை நனைத்து, நின்ற இடத்திலேயே சுழல விடுகிறார். புகை மண்டுகிறது. டயரின் அழுக்கு போய், ரப்பர் சூடேறி, பிசின் போல் ஒட்டும் பதம் வருகிறது. உடனே ஒரு பாய்ச்சல்!

பாய்ந்த இடத்தில் இரண்டு கறுப்புத் தடங்கள் விழுந்திருக்கும். அவற்றைப் போய்ப் பார்க்க வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற வேலை இது. தடத்தின் நடுவில் மட்டும் கறுப்பு அழுத்தமாக இருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் கறுத்து நடு வெளுத்திருந்தால் காற்று போதாது. முழு அகலத்துக்கும் ஒரே சீராக இருந்தால் சரி.

அடுத்த சாட்சி கடிகாரம். கிளம்பிய இடத்திலிருந்து 60 அடி தூரத்தில் ஓர் ஒளிக்கதிர் வைத்திருப்பார்கள். அதைக் கடக்க எத்தனை விநாடி ஆயிற்று என்று சீட்டில் அச்சாகி வரும். அந்த 60 அடியில் பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சம் பிடித்தால், கால் மைல் முடிவில் அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு மிச்சமாகும் என்பது பந்தயக்காரர்களின் அனுபவக் கணக்கு.

ஒரு தடவைக்கு அரை பவுண்டு. மிஞ்சினால் ஒரு பவுண்டு. அதற்கு மேல் மாற்றக் கூடாது. காற்றை மாற்றும்போது வேறு எதையும் தொடக் கூடாது. தொட்டால் எதனால் பலன் வந்தது என்றே தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். தேதி, வெயில், சாலையின் சூடு, காற்று, விநாடி எல்லாம். காசு பணத்தைவிட அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் உண்டு.

இரண்டு அளவுகளில் ஒரே நேரம் வந்தால் எதை எடுத்துக் கொள்வது? கூடுதல் காற்றுள்ள அளவையே எடுப்பது நல்லது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

வெயிலும் எதிரி

10 பவுண்டு, 11 பவுண்டு என்று பார்க்கிறவருக்கு சைக்கிள் கடையில் இருக்கும் கருவி உதவாது. அதில் அரை பவுண்டு தெரியாது. ஆகவே 15 பவுண்டோ 30 பவுண்டோ மட்டும் காட்டும் தனிக் கருவியை வைத்துக் கொள்கிறார்கள்.

காற்று சூடானால் அழுத்தம் ஏறும். 12 பவுண்டு வைத்த டயரில் 10 பாரன்ஹீட் டிகிரி சூடு ஏறினால் சுமார் அரை பவுண்டு கூடிவிடும். கார் தன் முறைக்காக வரிசையில் நிற்கிறது. மாலை வெயில் ஒரு பக்கத்து டயரில் மட்டும் விழுகிறது. மறு பக்கத்து டயர் நிழலில் இருக்கிறது. பாடுபட்டுக் கண்டுபிடித்த அளவு அங்கேயே கெட்டது! இரண்டு டயரிலும் பிடி வேறு வேறானால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால்தான் வெயில் படும் டயரைத் துணி போட்டு மூடி வைக்கிறார்கள். கடைசி நேரத்தில் மறுபடியும் குந்தி உட்கார்ந்து அளக்கிறார்கள்.

தகப்பனும் மகனும்

குறைந்த காற்றில் ஓட்டுவதற்கு விலை உண்டு. கார் கடைசி தூரத்தில், முழு வேகத்தில், வாலாட்டத் தொடங்கும். இரும்புச் சக்கரத்தின் மேல் டயர் நழுவும். இதைக் கண்டுபிடிக்க டயருக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து வெள்ளைக் கோடு ஒன்று போட்டு வைப்பார்கள். ஓடி வந்தபின் கோடு ஒடிந்திருந்தால் டயர் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். டயர் கழன்றே வந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால்தான் சிலர் சக்கரத்தில் திருகாணி வைத்து டயரை முடுக்குகிறார்கள். கூடுதல் காற்றே நல்லது என்று சொன்னதும் இதனால்தான்.

இந்தப் பந்தயத்தின் உச்சியில் இருக்கும் கார்களைக் கேட்டால் தலை சுற்றும். பத்தாயிரம் குதிரைச் சக்திக்கு மேல்! மணிக்கு 330 மைலையும் தாண்டும். 36 அங்குல உயர டயரில் காற்று ஏறக்குறைய 7 பவுண்டுதான். 2008-ம் ஆண்டு ஸ்காட் கலிட்டா என்ற வீரர் விபத்தில் இறந்தபின், இந்தக் கார்களுக்குத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்து விட்டார்கள்.

அவற்றில் ஒரு வகைக்கு "ஃபன்னி கார்" என்று பெயர். வேடிக்கைக் கார் என்று அர்த்தம். அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

எரிக் மெட்லன் என்ற வாலிபர் அத்தகைய கார் ஓட்டியவர். வயது 33. அவருடைய காரின் தலைமை மெக்கானிக் வேறு யாருமல்ல. அவரைப் பெற்ற தகப்பனார் ஜான் மெட்லன்! தகப்பன் காரைத் தயார் செய்வார், மகன் ஓட்டுவார்.

2007-ம் ஆண்டு மார்ச் மாதம் புளோரிடா மாநிலம் கெயின்ஸ்வில் நகரில் ஒத்திகை ஓட்டம். பாதி வழியில் பின் டயர் ஒன்று கெட்டது. கார் பேய் பிடித்தது போல் உதறியது. மகனின் தலை இரும்புக் கூண்டில் இரு பக்கமும் மாறி மாறி மோதியது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மார்ச் 23-ந் தேதி எரிக் இறந்தார்.

தகப்பனார் கருவிகளைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் குழுவின் முதலாளியும் வீரருமான ஜான் ஃபோர்சுடன் சேர்ந்து, ஓட்டுநரைக் காப்பாற்றும் வழிகளை ஆராயத் தொடங்கினார். கூண்டு அகலமாயிற்று. தலையைச் சுற்றிக் கனமான மெத்தை வந்தது. அந்த வேலைக்கு மகன் பெயரையே வைத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம். டெக்சஸ் மாநிலத்தில் ஜான் ஃபோர்சின் காரே விபத்தில் சிக்கிச் சின்னாபின்னமாயிற்று. கை கால்களில் பலத்த காயம். ஆனால் உயிர் தப்பினார்!

வீட்டுக்குப் போகுமுன்...

இதைப் படித்துவிட்டு உங்கள் ஸ்கூட்டரிலோ காரிலோ காற்றைக் குறைத்துப் பார்க்காதீர்கள். பந்தய ஓட்டம் சில விநாடிதான். நம் பயணம் பல மணி நேரம். காற்றுக் குறைந்த டயர் ஓட ஓட உள்ளுக்குள் மடங்கி நிமிர்ந்து சூடேறும், நெடுஞ்சாலையில் வெடிக்கும். கார்களில் டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் சீட்டில் சரியான அளவு போட்டிருக்கும். டயர் சூடாவதற்கு முன்னால், காலையில் அளந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் அன்றாடம் ஓட்டும் காரையே பந்தயத்துக்குக் கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். மைதானத்துக்கு வந்ததும் காற்றை இறக்குவார்கள். வாரத்தில் ஒரு நாள் ஆசை தீரப் பாய்வார்கள். இருட்டும் நேரத்தில் காரின் பின்பெட்டியிலிருந்து சிறிய பம்ப்பு ஒன்றை எடுப்பார்கள். 15 பவுண்டில் இருந்த டயரை மறுபடியும் 30-க்கு மேல் ஏற்றுவார்கள். இரண்டு பக்கமும் அளந்து பார்த்து, வால்வு மூடியைத் திருகிவிட்டு, அதன் பிறகுதான் குடும்பத்தை ஏற்றிக் கொண்டு புறப்படுவார்கள்.