பெரிய கூடத்துக்கு எந்த ஸ்பீக்கர்?

ஈப்போ பழைய நகரில் நாங்கள் குடிவந்த கடைவீட்டு மாடியில் கூடம் மட்டும் 40 அடி நீளம். அடுக்குமாடி வீட்டில் இனித்த என் எல்எஸ்3/5ஏ ஜோடி இங்கே எடுபடவில்லை. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த சின்னப் பெட்டி அது.

"சீர்காழி பாடுறாரா, முணுமுணுக்கிறாரா?" என்று அப்பா நாற்காலியை ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுங்கை சிப்புட் தோட்டத்தில் கோயில் குழாய் ஸ்பீக்கர் கேட்டு வளர்ந்த காது.

நண்பர்கள் பேச்சைக் கேட்டு 50 வாட் ஆம்ப்ளிஃபையரை 100 ஆக்கினேன். கூடியது 3 டெசிபல்தான். செலவழித்த வெள்ளிக்கு வித்தியாசமே தெரியவில்லை. பார்க்க வேண்டியது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல்? என்னுடையது சுமார் 83. 89 உள்ளது அதே சத்தத்தைக் கால்பங்கு வாட்டில் தரும். குழாய் ஸ்பீக்கரோ 100ஐயும் தாண்டும்; லயம் முழுக்கக் கேட்டது அதனால்தான். (மிருதங்கம் அதில் தகரடப்பாவாக ஒலிக்கும் என்பதை அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.)

89 டெசிபல், எட்டங்குல வூஃபர் இரண்டிரண்டு கொண்ட பழைய ஜோடி ஒன்று கிடைத்தது. கடையின் சின்ன அறையில் கேட்டு முடிவு செய்யாமல், கெஞ்சி வாங்கி இரண்டு நாள் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தோம். சுவரிலிருந்து 3 அடி தள்ளி வைத்ததும் பாஸ் இரைச்சல் தெளிந்தது.

அப்பா நாற்காலியைக் கூடத்தின் கடைசிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.